ஜட்ஜு வீட்டு வாசல்படி

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண் ஒருத்தி சென்ற வாரம் கையில் லட்டு டப்பாவோடு வந்தாள். நான் தூக்கி வைத்துக் கொண்டு வேடிக்கை காட்டிய குழந்தை. சட்டம் படித்து, மூன்று வருஷம் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கடலூர் சாலையிலுள்ள கோர்ட்டு வளாகத்தில் ஏறி இறங்கி, இப்போது சிவில் நீதிபதிப் பரீட்சையிலும் தேறிவிட்டாள்.

"தாத்தா, இன்னும் ஒரு மாசத்துல பயிற்சிக்குப் போகணும். நீங்க இத்தனை நாவல் எழுதியிருக்கீங்க. ஜட்ஜாகப் போறவளுக்கு ஏதாவது புத்தி சொல்லி அனுப்புங்க" என்றாள்.

என்னிடம் புத்தி கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. தொண்டையைக் கனைத்துக் கொண்டேன். ஆனால் சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை. எந்த நீதிபதியையும் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஜட்ஜு வீட்டு வாசல்படியில், கையில் மாம்பழக் கூடையோடு நான் நின்றிருக்கிறேன்.

அந்தக் கதையைத்தான் அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். நாங்கள் இருவரும் கல்வே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அது கடைசி வரையில் வெந்நீர் பட்ட பாடாகவே இருந்தது. அவருடைய தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியதையும், 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படி ஊர் இந்தியாவோடு சேர்ந்ததையும், அந்த வருஷம் நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததையும் கோர்ட்டுக்குள் இருந்தபடியே பார்த்தவர். அவர் சாப்பிட உட்கார்ந்தால் பழைய வழக்குகள்தான் தொட்டுக்கொள்ள. சிநேகிதர் அதைக் கேட்டு வளர்ந்தார். சாயங்காலம் அதை அப்படியே கடற்கரைக்குக் கொண்டு வந்து எனக்குப் பரிமாறுவார்.

எங்கள் இடம் பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே. 1952-ஆம் வருஷப் புயலில் சாய்ந்து போன பாலத்தின் மிச்சக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். ஆளுக்கு ஒரு பொட்டலம் சுண்டல். அதற்கு மேல் இருவர் பையிலும் காசு இருக்காது.

"இந்த ஊருல முதல்ல ஜட்ஜா இருந்தவங்க யாரு தெரியுமா? வியாபாரிங்க" என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

பிரெஞ்சுக் கும்பினியார் காலத்தில் தமிழர்களுடைய சொத்து வழக்குகளை விசாரிக்கச் சாவடிக் கோர்ட்டு என்று ஒன்று இருந்தது. சாவடி என்ற நம்முடைய சொல்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் ‘ஷோத்ரி’ ஆயிற்று. கும்பினி உத்தியோகஸ்தர்களே அதில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். துணி மூட்டைக்குக் கணக்கு எழுதிய கையே தீர்ப்பும் எழுதிற்று. பெரிய வழக்கென்றால் கவர்னரும் அவருடைய சபையும். அதனால் என்ன விபரீதம் விளையும் என்பதற்கு நைனியப்ப பிள்ளையின் வழக்கு ஒன்றே போதும்.

நைனியப்ப பிள்ளை கும்பினியின் தலைமைத் துபாஷாக இருந்தவர், செல்வர். 1716-இல் அவரைக் கைது செய்தார்கள். கவர்னர் ஹெபேருக்கு அவரைப் பிடிக்காது. வியாபாரத்தில் அவரோடு சம்பந்தப்பட்ட அந்தக் கவர்னரே அவருக்கு நீதிபதியாகவும் உட்கார்ந்தார். சாட்சிகள் தமிழில் சொன்னது வேறு பாஷைகளுக்கு மாறிப் பதிவாயிற்று. கசையடி, சிறை, அபராதம் என்று தீர்ப்பு. மறு வருஷம் அவர் சிறையிலேயே இறந்து போனார். பிற்பாடு பிரான்சில் அந்தத் தீர்ப்பு தவறென்று முடிவாகி, அவருடைய குமாரர் குருவப்ப பிள்ளை பாரிசுக்கே போய்ப் பிரபு பட்டம் பெற்றுத் திரும்பினார். செத்தவர் திரும்பவில்லை.

"கவர்னர் கெட்டவர்னே வச்சுக்க. நல்லவராவே இருந்திருந்தாலும் அது நீதி இல்ல. தனக்கு வேண்டியது வேண்டாதது இருக்கிற விஷயத்துல ஒருத்தன் தராசைத் தொடக்கூடாது" என்பார் சிநேகிதர்.

சொல்லும்போது சுண்டலில் இருக்கும் மாங்காய்த் துண்டை எனக்குத் தெரியாமல் பொறுக்கித் தின்பார். அதனால் நானும் அவருடைய தத்துவத்தை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு நாள் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் கதை வரும். புதுச்சேரியில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். 1873-இல் அந்த வக்கீல் கால்சட்டை, பூட்சு அணிந்து கோர்ட்டுக்குள் போனார். இந்தியன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார் நீதிபதி. முடியாது என்றார் இவர். தண்டனை கிடைத்தது. அத்தோடு விடவில்லை; பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரையில் வழக்கைக் கொண்டு போய் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார். சொந்தச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்று 1881-இல் ஆணை பிறந்தபோது, முன்னணியில் நின்று லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்கு வாசல், கதவு என்று அர்த்தம். அவர் பெயரில் ஊரில் ஒரு வீதி இருக்கிறது.

சிநேகிதருக்கு அந்தக் கதையில் வக்கீலை விட நீதிபதியைப் பற்றித்தான் யோசனை. "அந்த ஜட்ஜும் பரீட்சை எழுதிப் படிச்சு வந்தவர்தான். சட்டம் தெரியாதவர் இல்ல. ஆனா எதிரே நிக்கிறவனோட காலைப் பார்த்தாரே ஒழிய வாயைப் பார்க்கலையே" என்பார்.

பிரெஞ்சு நீதிபதிகளைப் பற்றி அவர் தகப்பனார் இன்னொன்றும் சொல்வாராம். பிரான்சில் இருக்கும் நீதிபதியை அவர் சம்மதமில்லாமல் நாற்காலியை விட்டு நகர்த்த முடியாது. குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்ட நீதிபதிகளுக்கோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. இன்று புதுச்சேரி, நாளை சைகோன், அப்புறம் ஆப்பிரிக்கா என்று கப்பல் ஏற்றிவிடுவார்கள். வந்து இறங்கியவருக்கு ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது. ஆனால் 1819-ஆம் வருஷத்து உத்தரவுப்படி, தமிழன் வழக்கை அவனவன் சாதி வழக்கப்படி தீர்க்க வேண்டும். அந்த வழக்கங்களை எடுத்துச் சொல்லவே 1827-இல் ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு ஒரு சபை ஏற்படுத்தினார்கள். ஜட்ஜு கேள்வி எழுதி அனுப்புவார். பெரியவர்கள் கூடிப் பதில் எழுதுவார்கள். தனக்குத் தெரியாது என்பதைத் தெரிந்து வைத்திருந்த மட்டில் அது நல்ல ஏற்பாடுதான்.

இதையெல்லாம் பேசிப் பேசிக் கடைசியில் சிநேகிதர் தாமே அந்த உத்தியோகத்துக்குப் போவதென்று முடிவு செய்தார். அப்போது அவர் வக்கீலாகக் கொஞ்சம் பெயர் எடுத்து, பணமும் வரத் தொடங்கியிருந்த சமயம். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"வக்கீலா இருந்தா நாலு காசு பார்க்கலாம். முன்சீப் சம்பளத்துல என்ன பண்ணுவே?" என்றேன்.

"முத்துசாமி அய்யருக்கு முதல் சம்பளம் என்ன, தெரியுமா? மாசம் ஒரு ரூபா" என்றார்.

வாஸ்தவந்தான். சென்னை உயர்நீதிமன்றத்தில் இந்தியர்களுக்குள் முதல்முதலாக நீதிபதியான திருவாரூர் முத்துசாமி அய்யர், சிறு பிள்ளையில் கிராமக் கணக்குப்பிள்ளைக்குக் கையாளாக ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்தவர். பரீட்சை எழுதித் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். எங்கள் இனத்தாராகிய நாவலாசிரியர்களுக்கெல்லாம் மூத்தவரான வேதநாயகம் பிள்ளையும் 1857-இல் அதே தரங்கம்பாடியில்தான் முன்சீப் ஆனார். கோர்ட்டில் ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலையில் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, நாற்காலிக்கு ஏறியவர். ஆங்கிலத்தில் இருந்த மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துக் கொடுத்தார். தன் வழக்கு ஏன் தோற்றது என்று தோற்றவனுக்குத் தன் பாஷையில் தெரிய வேண்டும் என்ற எண்ணம் ஒரு முன்சீபுக்குத் தோன்றிற்றே, அதுவே பெரிய விஷயம். 1872-இல் உத்தியோகத்தை விட்டு, 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டார்.

"சரி, நீயும் ஓய்வு பெற்ற பிறகு நாவல் எழுது. எனக்குப் போட்டிக்கு ஆள் வேண்டும்" என்றேன்.

உலகத்தில் ஜட்ஜாவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. பிரான்சில் இளைஞர்கள் பரீட்சை எழுதி, போர்தோ நகரத்தில் இருக்கும் நீதிபதிகள் பள்ளியில் பயின்று, முப்பது வயதுக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் விசாரணைக் கோர்ட்டு நீதிபதிக்குப் பரீட்சையே கிடையாது. ஜனாதிபதி பெயரைச் சொல்ல வேண்டும். செனட் சபை சம்மதிக்க வேண்டும். நியமித்துவிட்டால் ஆயுள் உள்ளவரை. பெரும்பாலும் பல வருஷம் வக்கீலாகவோ சர்க்கார் வழக்கறிஞராகவோ பழுத்தவர்களாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். நம் நாட்டில் இரண்டு வாசல்களும் உண்டு. கீழ்ப்படியில் பரீட்சை எழுதி நுழைந்து, சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று ஏறலாம். ஏழு வருஷம் வக்கீலாக இருந்தவர் நேரே மாவட்ட நீதிபதிப் பதவிக்கே போட்டியிடலாம். கீழ்ப்படிக்கு வருகிறவர்களுக்குக் கோர்ட்டு அநுபவம் வேண்டுமா, வேண்டாமா என்பதில் மட்டும் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறோம். மூன்று வருஷ அநுபவம் வேண்டும் என்ற விதியை 2002-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம் மறுபடியும் கொண்டு வந்துவிட்டது.

"இதுல எது நல்ல வழி?" என்று சிநேகிதரைக் கேட்டேன்.

"எந்த வழியா வந்தா என்ன? உள்ளே வந்தப்புறம் வெளியில இருக்கிறவங்களை உள்ளே விடாம இருக்கணும். அதுதான் கஷ்டம்" என்றார்.

அது எனக்குச் சொன்ன வார்த்தை என்று அப்போது தெரியவில்லை.

1981-இல் அவர் முன்சீப் ஆனார். முதலில் காரைக்கால்; அப்புறம் மாஹே. புதுச்சேரி நீதிபதிக்கு நாலு ஊரும் மூன்று பாஷையும் பாத்தியம். மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. மாஹேயிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். மழையைப் பற்றி இரண்டு பக்கம். வழக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிறகு கடிதமும் நின்று போயிற்று.

1986-இல் மாற்றலாகிப் புதுச்சேரிக்கே வந்தார். கடற்கரையில் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. எங்கள் கூட்டத்தில் அப்போது நாலைந்து வக்கீல்கள் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து சுண்டல் தின்றால் மறுநாள் அவர்கள் கட்சிக்காரர் என்ன நினைத்துக்கொள்வார், எதிர்க்கட்சிக்காரர் என்ன நினைத்துக்கொள்வார்? விடியற்காலையில் தனியாக நடந்துவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ‘ஜட்ஜு உத்தியோகம் வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது’ என்று நானும் நாலு பேரிடம் சொன்னேன். பத்து வருஷம் கழித்து, 1997-இல், நீதிபதிகளின் ஒழுக்கத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. வக்கீல்களோடு நெருங்கிய பழக்கம் கூடாது, பதவிக்கு ஏற்ற ஓர் ஒதுக்கம் வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அதைப் பத்திரிகையில் படித்தபோதுதான் அவருடைய தலைக்கனத்துக்கு வேறு பெயரும் இருக்கலாம் என்று தோன்றிற்று. ஆனால் அதற்குள் காரியம் கெட்டுப் போயிருந்தது.

1987 ஜூன் மாதம். எங்கள் அத்தானுக்கும் அவருடைய அண்ணாருக்கும் ஒரு வீட்டைப் பற்றி வழக்கு. வாய்க்காலுக்கு மேற்கே, பழைய காலத்து மாடிவீடு. அவர்கள் தகப்பனார் பிரெஞ்சுக்காரர் நாளில் நோத்தேர் முன்னிலையில் எழுதி வைத்த பத்திரம். முழுவதும் பிரெஞ்சில் இருந்தது. அண்ணார் வீடு முழுவதும் தமக்கே என்றார். அத்தான் பாதி தமக்கென்றார். அந்த வழக்கு சிநேகிதருடைய கோர்ட்டில் இருந்தது.

அக்காள் வந்து அழுதாள். "உன்னோட ஒண்ணாப் படிச்சவருதானே? ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்? அநியாயமாவா கேக்கறோம்? நியாயத்தைத்தானே செய்யச் சொல்றோம்?" என்றாள். அக்காள் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். எனக்கும் அத்தான் பக்கம்தான் நியாயம் என்று நிச்சயமாகப் பட்டது. நியாயமான காரியத்துக்கு ஒரு வார்த்தை சொல்வதில் என்ன தப்பு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, ஒரு கூடை பங்கனபள்ளி மாம்பழம் வாங்கிக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் தட்டினேன். அவரே வந்து திறந்தார். வாசல் விளக்கைப் போட்டார். ‘வா’ என்று சொல்லவில்லை.

"என்ன இந்த நேரத்துல?"

"சும்மாதான். உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

"கூடையில என்ன?"

"மாம்பழம். குழந்தைகளுக்கு."

அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க அத்தான் வழக்கு என்கிட்ட இருக்கு" என்றார்.

"அதைப் பத்தி நான் ஒண்ணும் பேச வரலையே" என்றேன். இரண்டு விநாடிதான் தாக்குப் பிடிக்க முடிந்தது. "ஆனா அந்த நோத்தேர் பத்திரத்துல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தினார். வீட்டுக்குள் குழந்தைகளுக்குக் கேட்கக் கூடாது என்பது போல மெல்லத்தான் சொன்னார்: "போயிடுப்பா. தயவு பண்ணிப் போயிடு." கதவு சாத்தப்பட்டது. விளக்கு மட்டும், நான் படி இறங்கித் தெருக்கோடி போகிற வரையில் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் கோர்ட்டு கூடியதும், இரண்டு தரப்பு வக்கீல்களையும் வைத்துக்கொண்டு, "ஒரு கட்சிக்காரருடைய உறவினர் நேற்று இரவு என் வீட்டுக்கு வந்து இந்த வழக்கைப் பற்றிப் பேச முற்பட்டார். ஆகவே நான் இதை விசாரிப்பது முறையல்ல" என்று சொல்லிவிட்டார். தலைமை நீதிபதிக்கும் எழுதி, வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் செய்தார். என் பெயரைச் சொல்லவில்லை. புதுச்சேரியில் பெயரைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் மாம்பழத்தின் ஜாதி வரையில் தெரிந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே பெஞ்சில் படித்தவன், ஒரே பொட்டலத்தில் தின்றவன், என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டான் என்று குமுறினேன். அந்த வருஷம் நான் எழுதிய நாவலில் கல்நெஞ்சக்காரரான ஒரு ஜட்ஜு வருவார். அவருக்குச் சிநேகிதரின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டேன். எழுத்தாளனுக்குக் கிடைக்கும் அற்பமான பழிவாங்கல் அது. பதில் சொல்ல முடியாதவரைப் பார்த்துச் செய்ததால் இரட்டிப்பு அற்பம். தீர்ப்பைத் திட்டுகிறவனுக்கு ஒரு ஜட்ஜு பத்திரிகையில் பதில் எழுதுவதில்லை.

இருபத்தோரு வருஷம் நாங்கள் பேசவில்லை. அவர் ஏனாம் போனார், திரும்பி வந்தார், சார்பு நீதிபதியானார், மாவட்ட நீதிபதியானார். 2008-இல் அறுபது வயது முடிந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் சாயங்காலம் நான் கடற்கரைக்குப் போனபோது, கலங்கரை விளக்கத்துக்கு எதிரே பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பொட்டலம் சுண்டல். ஒன்று பிரிக்காமல் இருந்தது.

உட்கார்ந்தேன். வெகு நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான்தான் கேட்டேன்: "அன்னிக்கு உள்ளே கூப்பிட்டுக் கன்னத்துல ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம். ஊர் அறியச் சொல்லணுமா?"

"வழக்கு என்கிட்ட வந்த முதல் நாளே ரெண்டு வக்கீலையும் கூப்பிட்டு, இந்தக் கட்சிக்காரரோட மச்சான் என் சிநேகிதன், யாருக்காவது ஆட்சேபம் உண்டான்னு கேட்டேன். உங்க அத்தானோட அண்ணாரே எழுந்து, ‘உங்க மேல நம்பிக்கை இருக்குங்க’ன்னாரு. அந்த மனுஷனுக்குத் தெரியாம, அவரைப் பத்தின பேச்சை ராத்திரி நான் கேட்கலாமா? நீ சொன்னது உண்மையாவே இருக்கட்டும். அவர் அதுக்குப் பதில் சொல்ல அங்கே இல்லையே!"

நான் சும்மா இருந்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"இதைச் சொல்லக் கூடாதுதான். ரெண்டு பேரும் இப்ப உயிரோட இல்ல, உன்கிட்ட சொல்லிடறேன். அன்னிக்கு நீ கதவைத் தட்டினப்ப அந்தத் தீர்ப்பைத்தான் எழுதிக்கிட்டிருந்தேன். மூணு பக்கம் பாக்கி. உங்க அத்தான் பக்கம்."

எனக்குச் சுண்டல் தொண்டையில் நின்றது.

விஷயம் இதுதான். பத்திரத்தில் ‘யூசுஃப்ரூயி’ என்று ஒரு பிரெஞ்சுச் சொல் இருந்தது. ஒரு சொத்தில் ஆயுள் மட்டும் குடியிருக்கலாம், அதன் பலனை அனுபவிக்கலாம், ஆனால் விற்க முடியாது என்று அதற்கு அர்த்தம். மரம் உனதல்ல, பழம் மட்டும் உனக்கு என்பது போல. மாடி முழுவதற்கும் அண்ணாருக்குக் கிடைத்தது அந்த உரிமைதான். வழக்கோடு வந்த தமிழ் மொழிபெயர்ப்பில் அதைச் ‘சொத்துரிமை’ என்று போட்டிருந்தார்கள். சிநேகிதர் மூலத்தையே படித்தவர், பிடித்துக்கொண்டார். வழக்கு போய்ச் சேர்ந்த இடத்தில் விசாரித்தவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அது அவர் குற்றமும் அல்ல. புதிதாக மொழிபெயர்க்க ஆள் தேடி, அந்த மொழிபெயர்ப்புக்கு ஆட்சேபம் வந்து, ஆட்சேபத்துக்குப் பதில் வந்து, மூன்று வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் அக்காள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அத்தான் கிடைத்த விலைக்குச் சமாதானம் பண்ணிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார்.

அதாவது, அக்காளுக்கு வர இருந்த வீட்டை ஒரு கூடை மாம்பழத்தைக் கொடுத்துக் கெடுத்தவன் நான். ‘நியாயத்தைத்தானே செய்யச் சொல்கிறோம்’ என்று போனேன். நியாயம் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது. நான் போய்க் கதவைத் தட்டி அதன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிவிட்டேன்.

"நீயும் சும்மா இருந்திருக்கலாமே? யாருக்குத் தெரியப் போகுது? அந்தத் தீர்ப்பையே சொல்லியிருக்கலாமே?" என்று, நாற்பது வயதில் கேட்டிருக்க வேண்டிய அசட்டுக் கேள்வியை அறுபது வயதில் கேட்டேன்.

"யோசிச்சேன், விடிய விடிய யோசிச்சேன். தீர்ப்பு சரிதான்னு எனக்குத் தெரியும். ஆனா அண்ணாரோட ஆள் ஒருத்தன் உன்னைத் தெருவுல கூடையோட பார்த்திருந்தா? யாருமே பார்க்கலைன்னு வச்சுக்க. தோத்தவன் வீட்டுக்குப் போய், ‘ஜட்ஜு என் பேச்சையும் கேட்டுத்தான் சொன்னார்’னு நினைச்சுக்கிட்டுத் தூங்கணும். அந்தத் தூக்கத்தை அவனுக்கு நான் குடுக்க முடியாதபடி நீ பண்ணிட்டே."

கொஞ்ச நேரம் கழித்து, "உன்னை அனுப்பிட்டு நானும் சாப்பிடல" என்றார்.

நாவல் எழுதுகிறவனுக்குத் தன் கதையில் யார் திருடன் என்று முன்பே தெரியும். ஜட்ஜுக்குத் தெரியாது. தம் முன்னால் வைத்ததை மட்டும் பார்க்க வேண்டும். வைக்காததை மறக்க வேண்டும். பிறகு தேதி குறித்து முடிவையும் சொல்ல வேண்டும். சட்டமும் அவர் காலடியில் மாறிக்கொண்டே இருக்கும். புதுச்சேரியில் 1968-இல் இந்தியச் சட்டங்கள் மொத்தமாக வந்து பிரெஞ்சுச் சட்டங்களில் பலவற்றின் இடத்தைப் பிடித்தன. 2024 ஜூலை 1-ஆம் தேதி நாடு முழுவதுமே குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. பிரெஞ்சுச் சட்டத்தில் பயின்று, இங்கே நீதிபதியாக இருந்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை போன தாவீது அன்னுசாமி போன்றவர்கள் இரண்டு சட்டங்களையும் கரைத்துக் குடித்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்கள். என் சிநேகிதர் அவ்வளவு உயரம் போகவில்லை. நாவலும் எழுதவில்லை. "இருபத்தேழு வருஷம் எழுதினது போதும்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் பதின்மூன்று வருஷம் தினமும் கடற்கரையில் சந்தித்தோம். சுண்டலில் இருக்கும் மாங்காய்த் துண்டை நானே பொறுக்கி அவர் பக்கம் தள்ளிவிடுவேன். 2021-இல் அவர் காலமானார்.

கதையை முடித்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். லட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

"அப்ப நான் இனிமே இந்தத் தெருவுக்கு வரக்கூடாதா, தாத்தா?" என்று கேட்டாள். கண் கொஞ்சம் கலங்கினாற்போல் இருந்தது.

"தாராளமா வா. இது உன் தெரு. நாங்கதான் உன் வீட்டுக்குச் சில சமயம் வராம இருக்கக் கத்துக்கணும். உங்க அம்மாகிட்டயும் சொல்லி வை. இனிமே சொந்தக்காரங்க நிறையப் பேர் புதுசு புதுசா முளைப்பாங்க."

அவள் சிரித்துவிட்டாள். டப்பாவை நீட்டினாள்.

"இதை வாங்கிக்கலாமா, கூடாதா?"

"இன்னிக்கு நீ குடுக்கலாம், நான் வாங்கிக்கலாம். அடுத்த மாசத்துக்கு அப்புறம் நான் குடுத்தா நீ வாங்கக் கூடாது" என்று சொல்லி இரண்டு லட்டு எடுத்துக்கொண்டேன்.

வாசல் வரையில் போனவள் நின்று திரும்பி, "அந்தப் பெரிய தாத்தா வாசல் விளக்கை ஏன் அணைக்காம இருந்தார்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதில்லை. அந்தக் காலத்தில் அவர் தெருவில் சாக்கடைக் கல் இரண்டு பெயர்ந்து கிடந்தது. இருட்டில் நான் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்றுதான் இருக்கும்.